மூலைக்கு ஒரு சிவப்புக் கொடி

1

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கல்யாணமான மூன்றாம் நாளே கமலா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "பால்ல தண்ணி கலந்திருந்தா எல்லாரும் சந்தேகப்படுவாங்க. கலக்காம குடுத்தா ஏன் கலக்கலைன்னு சந்தேகப்படுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் சொன்னதை நான் இன்னும் மறுக்கவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த நாட்டு ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடுவது. பந்து கிடையாது, தோசைக்கல்லைச் சின்னதாக்கினாற்போல் ஒரு ரப்பர் வில்லை. புல்தரை ஹாக்கி ஒன்று உண்டு, அதில் நம் நாடு ஒரு காலத்தில் உலகத்தையே ஓட ஓட விரட்டியது என்று என் மகன் இளங்கோவிடம் சொன்னால், "அப்படியாப்பா?" என்பான். அந்த "அப்படியாப்பா" எனக்குப் பிடிக்காது. அவன் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய், அந்த ஊர் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு பேரனோடு படம் எடுத்து எனக்கே அனுப்புகிறான். பெற்ற பிள்ளை!

இந்த வருடம் எங்கள் நகரத்து அணி இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. ஏழு ஆட்டம், முதலில் நாலு ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நான் இங்கே வந்ததிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. தொடர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதே எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றின் மேலும் சந்தேகம். நடுவர்கள் யார் யார் என்று ஏன் இன்னும் சொல்லவில்லை? முதல் இரண்டு ஆட்டத்தையும் எங்கள் ஊரில் வைக்கிறார்களே, இதில் என்ன சூது? எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் கோல்காப்பாளன். அவனுக்கு "கீழ் உடம்பில் காயம்" என்று ஒரு வரிச் செய்தி. கீழ் உடம்பு என்றால் எது ஐயா? இடுப்பா, முழங்காலா, கால் சுண்டுவிரலா? சொல்ல மாட்டார்கள். எதிராளி அந்த இடத்தைப் பார்த்து அடிப்பான் என்று இப்படி மூடி மறைப்பது இங்கே வழக்கம். பயிற்சியாளர் தொலைக்காட்சியில் வந்து, "அவன் நன்றாக இருக்கிறான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஆனால் உண்மையில் என் தூக்கத்தைக் கெடுத்தது கோல்காப்பாளனின் காயம் மட்டும் இல்லை. முதல் ஆட்டத்தைப் பார்க்க என் வீட்டுக்கு எங்கள் ஊர் வீரையன் வருவதாகச் சொல்லியிருந்தார்.

2

ஜனவரியில் தொடங்கியது அது. இங்கே இருக்கிற தமிழர்கள் நடுவில் எனக்கு ஃபார்ம் அங்கிள் என்று பெயர். குடியுரிமை, விசா, ஓய்வூதியம் என்று எந்தப் படிவமாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அரசாங்கம் எந்தக் கேள்வியை எதற்காகக் கேட்கிறது என்று சந்தேகப்படத் தெரிந்தவன்தான் படிவத்தை ஒழுங்காக நிரப்ப முடியும்.

மலர்விழி எங்கள் பக்கத்துப் பேட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். பொங்கல் விழாவில் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டால், என் ஊர் பெயரையே சொல்கிறாள். யார் வீடு என்று கேட்டேன். "கோலி வீரையன்னு சொன்னா தெரியும் அங்கிள், அவரு பொண்ணு" என்றாள். என் கையில் இருந்த பொங்கல் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பாவை இங்கே வரவழைக்க விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இதுவரைக்கும் எப்பவாவது போலீஸ் பிடிச்சு வச்சிருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. அப்பாவைச் சின்ன வயசுல மூணு நாள் ஸ்டேஷன்ல உட்கார வச்சிருந்தாங்களாம். கேஸ் எல்லாம் போடலை. எழுதணுமா?"

"எழுதும்மா. மறைச்சா அதுவே தப்பாயிடும்" என்றேன். பெரிய யோக்கியன் மாதிரி.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அப்பாகிட்ட கேட்டா கொடி நட்டேன்ங்கிறாரு. என்ன கொடின்னு கேட்டா ஹாக்கிக் கொடிங்கிறாரு. இதை எப்படி அங்கிள் இங்கிலீஷ்ல எழுதுறது?"

நான்தான் வாசகம் சொன்னேன். விளையாட்டுத் திடலுக்கு எல்லை குறித்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒருவர் கொடுத்த தகவலின் பேரில் விசாரிக்கப்பட்டார் என்று எழுதச் சொன்னேன்.

"அந்த ஒருவர் யாருன்னு கேட்பாங்களா அங்கிள்?"

"கேட்க மாட்டாங்க" என்றேன். விசா அதிகாரி கேட்கவில்லைதான்.

3

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். ஆட்சி மாறிச் சில வருடம் ஆகி, நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்திருந்த நேரம். ஊரில் இரண்டே பேச்சு: கூலி, உச்சவரம்பு. அப்பாவுக்கு நாலு வேலி, ஏறக்குறைய இருபத்தேழு ஏக்கர் நிலம். அதில் பாதியை அம்மா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் பிரித்து எழுதி, மிச்சத்தில் நாலு மாவை, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சத்தை, என் பெரியத்தை பெயரில் வைத்திருந்தார். பெரியத்தை செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் செத்தவர்கள் நிறையப் பேர் பயிர் செய்துகொண்டிருந்தார்கள்.

விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காரர்கள் ஒரு வயலில் சிவப்புக் கொடி நட்டார்கள் என்றால் விஷயம் முடிந்தது. இது உபரி நிலம், எங்களுக்குப் பிரித்துக் கொடு என்று அர்த்தம். மறுநாள் தாலுகா ஆபீசுக்கு மனு போகும், தாசில்தார் வருவார், எந்த நிலத்தில் யார் பயிர் என்று எழுதிய அடங்கல் கணக்கைப் பிரித்துப் பார்ப்பார். அதனால் எந்த வரப்பில் எவன் நின்றாலும் எங்கள் வீட்டில் சந்தேகம். மாடு மேய்க்க வந்தவனைக்கூட, "எதுக்குடா அளவெடுக்கிற?" என்று அப்பா கேட்பார்.

இதற்கு நடுவில்தான் ஹாக்கி. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ராணுவத்தில் இருந்து வந்தவர். அவர் பிடிவாதமாக ஒரு ஊர் அணியைச் சேர்த்தார். அதில் எங்கள் தெருப் பையன்களும் உண்டு, வயலில் வேலை செய்கிறவர்களும் உண்டு. எனக்கு ஆட வராது. மட்டையைப் பிடித்தால் பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனால் என்னை மிஞ்சின ரசிகன் ஊரில் கிடையாது. யார் எத்தனை கோல் அடித்தான் என்று நோட்டுப் போட்டு எழுதி வைப்பேன். ஆட்டம் என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும் எனக்கு.

வீரையன்தான் எங்கள் கோலி, அதாவது கோல்காப்பாளன். அவனுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. இருந்தும் நான் அவனை வாடா போடா என்பேன், அவன் என்னைச் சின்னய்யா என்பான். அது அந்தக் காலத்து அசிங்கம். இப்போது எழுதக் கூசுகிறது. கால் இரண்டிலும் வைக்கோல் திணித்த சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பான். அவனைத் தாண்டிப் பந்து போனால் அன்றைக்கு மழை வரும் என்போம்.

அந்த மாசியில் பட்டுக்கோட்டை அணியோடு மூன்று ஆட்டத் தொடர் ஏற்பாடாயிற்று. ஜெயிக்கிறவர்களுக்குச் சுழற்கோப்பை. முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். போகத் துடித்தேன். பாழாய்ப்போன பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பி, அம்மா என்னை அறையை விட்டு வெளியே விடவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று நம்மவர்கள் ஜெயித்து வந்தார்கள். வீரையன் ஒற்றை ஆளாக ஏழு பந்து தடுத்தானாம். இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை. அதில் ஜெயித்தால் கோப்பை நமக்கு. அது மட்டும் இல்லை, மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் தஞ்சாவூரில் இருந்து வீரையனைப் பார்க்கவென்றே வருகிறார் என்று டிரில் மாஸ்டர் சொல்லியிருந்தார். அதில் சேர்ந்துவிட்டால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை நிச்சயம்.

ஆட அவ்வளவு பெரிய இடம் வேறு எங்கே? அறுப்பு முடிந்து கிடந்த பெரியத்தை பெயரில் இருக்கிற நாலு மாதான். டிரில் மாஸ்டர் கெஞ்சிக் கேட்டு, கோப்பை கொடுக்க அப்பாவைத் தலைவராகவும் போட்டதில், அப்பா சம்மதித்துவிட்டார். அந்த வருடம் அதில் உளுந்துகூடத் தெளிக்கவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். கன்னம் வடிந்து அன்றுதான் வெளியே வந்தேன். வாய்க்கால் கரையில் நின்று பார்க்கிறேன். நாலு மாவில் வீரையன் ஒரு முனையில் கயிற்றைப் பிடித்திருக்கிறான். இன்னொரு முனையைப் பிடித்திருப்பது யார் என்று தூரத்தில் தெரியவில்லை. அளக்கிறார்கள். அளந்து முடித்து, வயலின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கழி நடுகிறார்கள். கழியின் தலையில் சிவப்புத் துணி. பிறகு அடுத்த மூலைக்குப் போகிறார்கள்.

ஹாக்கி, கோப்பை, தலைவர் பதவி எல்லாம் நாடகமா? நாளைக்கு ஐந்நூறு பேர் கூடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இடத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவுமா? உயிரைக் கொடுத்து ரசித்தேனே, என்னையே முட்டாளாக்கிவிட்டானே என்று வீரையன் மேல் ஆத்திரம் பொங்கியது. வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, நாலு மாவுல கொடி நடுறாங்க."

"யாருடா?"

"வீரையன். கயிறு போட்டு அளக்கிறான்."

"கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன். சிவப்பு."

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. உழுத நிலத்தில் கூட்டம் கூட முடியாது என்று ஒரு ஆளைக் கீழ்வேளூருக்கு டிராக்டர் பிடிக்க அனுப்பினார், இன்னொரு ஆளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். விடிகிற நேரம் டிராக்டர் வயலுக்குள் இறங்கி, ஒரு சாண் இடம் விடாமல் உழுது கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டது. வீரையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

டிரில் மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழாத குறை. கையில் ஹாக்கி விதிப் புத்தகம்.

"மூலைக்கு ஒரு கொடி நடணும்னு ரூல்லயே இருக்குங்க. இத்தனை நாள் செங்கல்லு வச்சு ஒப்பேத்தினோம். பட்டுக்கோட்டையில கொடி நட்டிருந்ததைப் பார்த்துட்டு, நம்ம ஊருல செங்கல்லு வச்சா கேவலம்னு வீரையன்தான் ராப்பகலா உட்கார்ந்து துணி தச்சான்ங்க. யாருங்க உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

அப்பா கூடத்துக்குள் நின்றிருந்த என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நம்பிக்கையான ஆளு சொன்னான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பட்டுக்கோட்டைக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, உழுத வயலைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தஞ்சாவூர்க்காரரும் போய்விட்டார். தொடர் அத்தோடு நின்றது. மூன்று நாள் கழித்து வெளியே வந்த வீரையன் பிறகு மட்டை பிடிக்கவே இல்லை. ஜூனில் நான் படிக்கச் சென்னைக்குப் போனேன். அப்புறம் இங்கே வந்துவிட்டேன். அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

4

மே கடைசியில் வீரையன் வந்து இறங்கினார். மறுநாளே என்னோடு பேசினார்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? உங்க ஊரு ஆளுங்க ஃபைனலுக்கு வந்திருக்காங்களாமே. மலரு சொல்லிச்சு. மொத மேட்சை உங்க வீட்டுல உட்கார்ந்து பார்க்கணும் தம்பி."

ஏன் என் வீட்டில்? மலர்விழி வீட்டில் டிவி இல்லையா? ஏன் முதல் ஆட்டத்தன்றே வர வேண்டும்? "உங்கள ஒண்ணு கேட்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருக்கேன்" என்று வேறு கடைசியில் சொன்னார். அது போதாதா எனக்கு? நிச்சயம் தெரிந்துதான் வருகிறார் என்று முடிவு கட்டினேன். என் வீட்டில், என் மனைவி முன்னால், முகத்துக்கு நேரே கேட்கப் போகிறார்.

வராமல் செய்ய என்னென்னவோ யோசித்தேன். கமலாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்றேன்.

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் மனசு சரியில்லை. அவர்கிட்ட என்ன மறைக்கிறீங்க?" என்றாள் கமலா.

அவளிடம் சொன்னேன். ஐம்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு மனுஷியிடம் வாய் திறந்து சொன்னேன்.

"அவரு தெரிஞ்சு வர்றாரா தெரியாம வர்றாரான்னு நீங்க ஏன் சந்தேகப்படுறீங்க? எப்படி வந்தாலும் நீங்க சொல்லித்தானே ஆகணும்" என்றாள்.

5

சனிக்கிழமை நாலு மணிக்கு மலர்விழி அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நல்ல வெயில். தலை முழுக்க வெளுத்திருந்தாலும் ஆள் இன்னும் நிமிர்ந்துதான் நடக்கிறார். வாங்க வீரையன் என்றேன். 'வாங்க' என்று அவரைக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மணத்தக்காளி வத்தல் ஒரு பொட்டலம் கொடுத்தார். விமான நிலையத்தில் அதை மோந்து பார்த்து, இது என்ன விதையா, மருந்தா என்று கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்களாம்.

"நம்மளை விட சந்தேகக்காரங்களா இருக்காங்க தம்பி" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதலில் வில்லை எங்கே போகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பத்து நிமிடத்தில் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் பார்த்தது வில்லையை இல்லை, கோல்காப்பாளனை.

"இவனுக்கு எடது முட்டி போச்சு தம்பி. அந்தப் பக்கம் சாய மாட்டேங்குறான் பாருங்க. வலது கால்லயே எழுந்திரிக்கிறான்."

"அதைத்தான் நான் பத்து நாளா சொல்றேன்! கீழ் உடம்புன்னு மழுப்புறானுங்க" என்று கத்திவிட்டேன்.

"மழுப்பத்தான் செய்வாங்க. நானும் அன்னிக்குப் பட்டுக்கோட்டையில கட்டைவிரல் பிசகினதை யாருக்கும் காட்டலையே."

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு கிழவர்களும் மாறி மாறி நடுவரைத் திட்டினோம். எங்கள் ஆள் ஒரு கோல் போட்டபோது அவர் என் தொடையில் ஓங்கி அடித்தார். என் பிள்ளையோடுகூட இப்படி உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்ததில்லை நான்.

முதல் இடைவேளை வந்தது. கமலா காபி கொண்டுவந்து வைத்தாள். காலியாகக் கிடந்த பனித்தரையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க மூலைக்குக் கொடி கெடையாதா தம்பி?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் எடுத்திருந்த காபியைக் கீழே வைத்தேன்.

"வீரையன், அன்னிக்கு அப்பாகிட்டச் சொன்னது நான்தான். நீங்க கொடி நட்டதை வாய்க்கால் கரையிலேருந்து பார்த்தேன். ஹாக்கிக் கொடின்னு எனக்குத் தெரியலை. நிலத்தைப் பிடிக்கிறீங்கன்னு நினைச்சு ஓடிப்போய்ச் சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. உங்க வேலை, உங்க ஆட்டம், எல்லாத்தையும் கெடுத்தவன் நான்தான். என்னை மன்னிச்சுடுங்க."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. கணக்குத் தப்பிப்போனவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா? அண்ணன் இல்லையா?"

"எந்த அண்ணன்?"

"எங்க அண்ணன், மாரிமுத்து. கயித்துக்கு அந்தப் பக்கம் புடிச்சது அதுதானே. உங்க வீட்டு மாட்டுக்கொட்டாயிலதானே வேலை பார்த்துச்சு. நம்பிக்கையான ஆளு சொன்னான்னு உங்கப்பா சொன்னாருன்னு டிரில் மாஸ்டர் வந்து சொன்னாரு. வேற யாரு இருக்கா?"

மாரிமுத்துவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாடுகளுக்கு வைக்கோல் போடுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். கயிற்றைப் பிடித்திருந்தது அவர்தான் என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

"சத்தியம் பண்ணிச்சு தம்பி. புள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிச்சு. நான் நம்பலை. காட்டிக்குடுத்தவன்னு தெரு முழுக்கச் சொன்னேன். நல்லது கெட்டதுக்கு அது வீட்டுக்கு ஒருத்தரும் போகலை. அது மக கல்யாணத்துக்குப் பந்தல்ல ஆளே கெடையாது. நானும் போகலை. ஐம்பது வருஷம் பக்கத்துத் தெருவுல இருந்துகிட்டு ஒரு வார்த்தை பேசலை. உங்ககிட்ட கேட்கணும்னு சொன்னேன்ல, அதைத்தான் கேட்க வந்தேன். அண்ணன்தான் சொன்னான்னு உங்க வாயால கேட்டுட்டா, நான் பண்ணுனது சரிதான்னு நிம்மதியா இருக்கலாம்னு."

"இப்ப அவர்..." என்று இழுத்தேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. சாவுக்குக்கூட நான் போகலை. வீட்டுக்குள்ள உட்கார்ந்து பறைச்சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

திரையில் ஆட்டம் திரும்பத் தொடங்கியிருந்தது. கமலா எழுந்து போய்ச் சத்தத்தை நிறுத்தினாள்.

"மூணு நாள் அடிச்சாங்க, அது போச்சு தம்பி. வேலை போச்சு, அதுவும் போகட்டும், மக நல்லா இருக்கா. ஒரு ரெண்டு வருஷம் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

மகளைக் கூப்பிட்டு வரச் சொல்லுங்கள் என்றார். அவள் வரும்வரை வாசலில் போய் நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. கார் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க நம்ம ஊரு பத்திரிகைக்கு எழுதுவீங்கன்னு மலரு சொல்லுது. எழுதுங்க தம்பி. நான் போய்ச் சொன்னா அண்ணி நம்பாது. அச்சுல வந்தா நம்பும்."

6

தொடர் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இளங்கோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அது ஒரு பேச்சே இல்லை இப்போது.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், மாரிமுத்துவின் மனைவியிடமும் அவர் பிள்ளைகளிடமும் போய் இதை வாசித்துக் காட்ட வேண்டும். தெருவில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகவே வாசியுங்கள். நாலு மாவில் கொடி நட்டதை எங்கள் அப்பாவிடம் சொன்னது மாரிமுத்து இல்லை. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சொன்னவன் நான்.